சுவரில், ஐந்தெழுத்து

சோபாவின் ஒரு முனையை அண்ணன் தூக்க, மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். வாசலில் பேப்பர் வந்து விழும் சத்தம் கேட்டதும் பிடி நழுவியது.

"ஏய், என் காலு! இப்ப பேப்பர் ஒண்ணுதான் குறைச்சலா?"

அதற்குள் அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் அப்பா படுத்திருந்தார், நேற்று மாலையிலிருந்து யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவராக. கடைசிப் பக்கத்தில், வாரா வாரம் வருவதுபோல, அவர் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர். இடமிருந்து வலம், ஏழு: 'கொசு தருவதும் மிளகாய் தருவதும் சேர்ந்து சுவரில் (5)'.

கொசு தருவது கடி, மிளகாய் தருவது காரம். கடிகாரம். விடை தெரிந்தவளுக்கு எல்லாமே சுலபம்தான்.

எந்தக் குறிப்பையும் அப்பா முதலில் அவளிடம்தான் போட்டுப் பார்ப்பார். அவள் திணறினால் அவருக்குக் கொண்டாட்டம். விடையைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். "அட ச்சே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டால் குறிப்பு தேறியது. "இது எப்படிப்பா?" என்று கேட்டால் கிழித்துப் போட்டுவிடுவார்.

"கஷ்டமா இருக்கலாம், ஏமாத்தக் கூடாது. தோத்தவனுக்கு அவன் மேலதான் கோவம் வரணும், என் மேல இல்ல."

இந்த முறை படுக்கையில் அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. குறிப்பும் விடையும் எழுதிய தாளை நீட்டினார். அவள் கண் முதலில் விடையில் போய் விழுந்து தொலைத்தது. அப்புறம் என்ன சோதனை?

நேற்று மதியம் பத்திரிகை ஆபீசிலிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார். "ஏழாவதுல வெறும் 'சுவரில்'னா யாருக்கும் விடை வராதும்மா. 'நேரம் காட்டும்'னு சேத்துடவா? சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டாள். அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சரியென்றா, வேண்டாமென்றா, வெறும் வலியா?

"அப்படியே போடுங்க," என்றாள் அவளாகவே.

இன்று யாராவது அநியாயம் என்று சொன்னால், அது அவர் தலையில்தான் விழும்.

சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. விடை வராத வாரங்களில் போன் போட்டு அப்பாவுடன் சண்டை பிடிப்பவர். அழுதார், மூக்கைச் சிந்தினார், பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "இந்த வாரம் வந்திருக்கா?" என்றார்.

பேப்பரைக் கொடுத்தாள்.

அவர் பேனாவோடு மூலையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அவள் அந்தப் பக்கமே போய்வந்தாள். கட்டங்கள் நிரம்பின. ஏழு மட்டும் காலி.

"சுவர்ல என்னம்மா இருக்கும், பல்லியா? போற நேரத்துலயும் உசிரை வாங்குறாரு பாரு உங்கப்பா."

அவள் இன்னொரு தம்ளர் தண்ணீர் எடுத்துவந்தாள்.

"வண்டி எப்ப வரும்?" வாசலில் யாரோ கேட்டார்கள்.

"பத்து மணிக்குச் சொல்லியிருக்கு," என்றான் அண்ணன்.

மணி பார்க்கச் சித்தப்பா தலையைத் தூக்கினார். அப்பாவின் தலைமாட்டுக்கு மேலே, சுவருக்குப் போன பார்வை அங்கேயே நின்றது.

"அட ச்சே!"

கூடமே திரும்பியது. சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு முகத்தைப் பேப்பரில் புதைத்தார். தோள்கள் குலுங்கின. "அழாதீங்க, மனசைத் தேத்திக்கங்க," என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பேப்பரின் ஓரத்தில் சித்தப்பாவின் சிரிக்கும் வாய், அவள் நின்ற இடத்திலிருந்து மட்டும் தெரிந்தது.

யாருக்கோ கொண்டுவந்த தம்ளர் தண்ணீரை, நின்ற இடத்திலேயே, அவள் முழுவதும் குடித்தாள்.