கழுதைக்குட்டியைத் திட்டும் குரல்

நாங்கள் செய்த வீடியோ கேமில் ஒரு கழுதைக்குட்டி பாறை பாறையாகத் தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான். கதையாவது கத்தரிக்காயாவது! வெளியிட்டபோது எங்கள் முதலாளியே, "ஒரு வாரம் ஓடினா பெரிய விஷயம்" என்று உதட்டைப் பிதுக்கினார். சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள்கூட மறுபடி முதல் பாறைக்கு வந்து நிற்கிறார்கள்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க முதலாளி ஒரு கூட்டம் போட்டார். ஒருவர் பரிசுப் புள்ளிகள் என்றார். இன்னொருவர் குட்டிக்கு மாட்டிவிடும் கலர் தொப்பி என்றார். தொப்பியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாறைகளை ஒவ்வொன்றாக அடுக்கியவன் நான், என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"தொப்பியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றேன். "குட்டி தண்ணியில விழுந்ததும் ஒரு பொம்பளை திட்டுறாளே, அதுக்குத்தான் வர்றாங்க. ஆடுறவங்க என்ன எழுதுறாங்கன்னு படிச்சுப் பாருங்க. அந்த அக்காகிட்ட திட்டு வாங்கவே விழுறேன்னு எத்தனை பேரு!"

'கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? சரி சரி, ஏறி வா மேல!' இதுதான் அந்தத் திட்டு.

விளையாட்டு செய்யும்போது நடிகை வரும்வரை யாருடைய குரலையாவது தற்காலிகமாகப் போட்டு வைப்போம். இதை நான் பதிவு செய்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். பக்கத்தில் என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கைத் திறந்து வைத்துவிட்டு என் பாறையில் நானே வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன். அவள் திட்டியது கழுதையை அல்ல, என்னை. பிறகு நடிகை வந்து எல்லா வரிகளையும் பேசிக் கொடுத்தார். அதற்குள் அவள் என்னை விட்டுப் போயிருந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் நான் மாற்ற விடவில்லை.

"அப்ப புதுசா செய்யற ஆத்துக்கும் அதே அம்மா குரல்தான் வேணும்," என்றார் முதலாளி. "யாரு அவங்க?"

"என் பழைய சம்சாரம்."

"அடப்பாவமே," என்றவர், தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். "கூப்பிட்டா வருவாங்களா?"

வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், முகம் தெளிந்திருந்தது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். இருங்கள், போங்கள் என்று அவள் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. நல்லா இருக்கேன் என்று பல்லைக் காட்டினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவரை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். எழுதிக் கொடுத்த திட்டுகளையெல்லாம் அவள் பிசிறில்லாமல் படித்தாள். காது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நல்லாத்தான் பேசறாங்க. ஆனா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குப்பா. பழசுல ஒரு உரிமை இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

மேஜை விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அப்ப அதையே பண்ணிடலாமே! நீ பக்கத்துல உக்காந்து ஆடு. அவங்க பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு திட்டு விழுந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. அவள் திரும்பி வர வேண்டும். இத்தனை நாளும் ராட்டினம் மாதிரி நான் அதையேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாறையில் விழுந்தேன்.

"பரவாயில்ல, மறுபடி ஆடுங்க," என்றாள்.

மறுபடி விழுந்தேன். "கஷ்டமான இடம் போல," என்றாள்.

அடுத்த முறை குட்டியைத் தாவவே விடவில்லை. நேராக ஆற்றுக்குள் நடக்க விட்டேன்.

"வேணும்னே விழறீங்க."

"ஆமா. திட்டேன்."

"வர மாட்டேங்குது."

"ஒரே ஒரு தடவை. வாயத் தொறந்தாலே திட்டுதானே உனக்கு! இப்ப மட்டும் என்ன?" கெஞ்சுகிறேன் என்பது எனக்கே கேட்டது. எதிரில் மைக் இருக்கிறது, காது கேட்டுக்கொண்டிருக்கிறார், மானம் போகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி முதல் பாறையில் ஏறி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்க தோத்தா எனக்கு ஆத்திரமா வரும். நானே தோத்த மாதிரி இருக்கும்," என்றாள். "இப்ப அப்படி இல்ல. பாவம், விழுந்துட்டாரேன்னு தோணுது. நிஜமாவே கோவம் வரலைங்க. வந்தா திட்டியிருப்பேன்."

பொய்யில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. தடுப்புக்கு அந்தப் பக்கம் காது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவரிடம் சொல்லிக்கொண்டு இறங்குவது போல, "அப்ப வரேன், உடம்பைப் பாத்துக்குங்க," என்றாள்.

"சரிங்க," என்றேன்.