தம்பி கொடுத்த காணிக்கை

சைக்கிள் மணி கேட்டால் இப்போதும் எனக்கு மேற்குத் தாம்பரம் வீடுதான் ஞாபகம் வரும். எழுபத்தைந்தில் தபால்காரரின் அந்த மணிக்காக என் தம்பி ஏசுபாதம் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் செத்துப்போயிருந்தது. அப்பா அம்மா போனபின் நான்தான் ஊட்டினேன், குளிப்பாட்டினேன். மாதா மாதம் தபால்காரர் அவன் கட்டைவிரலை மையில் ஒற்றி, இருபது ரூபாயைத் தலையணைக்கடியில் வைப்பார். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் தந்த பணம். அவனுக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். பெரிய ஜமீன்தார் மாதிரி, "அக்கா, உனக்கு என்ன வேணும், கேளு" என்பான். என்ன நாட்கள் அவை!

அந்த வருஷம் விதியை மாற்றினார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள சம்பாதிக்கிறவர் இருந்தால் பணம் நின்றுவிடும். அதே ஜூனில்தான் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. யாரிடமும் மூச்சு விடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டானா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலை வாசித்தார். "அக்கா தபீதாளுக்கு வேலை கிடைத்ததற்காக, தம்பி ஏசுபாதம், ரூபாய் ஐந்து." ஜெபம் பண்ண வந்த உபதேசியாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான், கடங்காரன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தேவானந்தம் திரும்பி என்னைப் பார்த்தார். தம்பியின் பணம் தொடரலாமா என்று விசாரித்து எழுத வேண்டியவரே அவர்தான்.

செவ்வாய்க்கிழமை ஃபாரத்தோடு வந்தார். நல்ல மனுஷன்.

"டீச்சர், வேலை விஷயத்தை மறைக்க முடியாது. அக்கா என்னைப் பாக்கறதில்லை, எனக்கு யாரும் இல்லைன்னு தம்பி சொல்லட்டும். விரல் வெச்சா போதும், பணம் நிக்காது."

நான் மைப்பெட்டியைத் திறந்து அவன் கையைப் பிடித்தேன்.

"வேணாம் சார்," என்றான் ஏசுபாதம். "அக்கா பாக்கறாங்கன்னே எழுதிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பிடித்துக்கொண்டேன். "புத்தி கித்தி இருக்காடா உனக்கு? ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா? இனிமே உன் கையில காலணா கிடையாது, தெரியுமா?"

"தெரியும்," என்றான். "எனக்கு யாருமே இல்லைன்னு விரல் வெச்சா, அப்புறம் நீ யாரு, அக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன கஞ்சியை எடுத்து அவனுக்கு ஊட்ட உட்கார்ந்தேன்.