காக்கைத்தீவில் இத்தாலிச் சீஸ்

நிலாம் ஓட்டோவின் இரண்டு பக்கத் திரைகளையும் சுருட்டிக் கட்டினான். பின் இருக்கையில் இருந்த கூடைக்குள் ஒரு தரம் மூக்கை நீட்டியவன், சுடுசட்டியைத் தொட்டவன்போலத் தலையை வெளியே இழுத்தான்.

"என்னா ஒஸ்வால்ட் அண்ணே, உள்ளுக்கு ஏதும் செத்தீக்கிதா?"

"சீஸ்டா. அக்கா இத்தாலியில இருந்து கொண்டாந்த சீஸ்."

"சீஸா? கடையில விக்கிற முக்கோணம் இப்பிடி நாறாதே! அக்கா, நீங்க கோவிக்க வாணாம். நாளைக்கு இதுல ஸ்கூல் புள்ளையள ஏத்தணும். அதுகள் என்னயத்தான் சந்தேகப்படும்."

ஒஸ்வால்டின் பெண்சாதி மெட்டில்டா கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் சுத்தி வச்சிருக்கேன் தம்பி. நீங்க ஓட்டுங்க" என்றாள். முன்பென்றால் அவளுடைய வாய்க்குக் கொட்டாஞ்சேனையில் நிலாமைப்போல நாலு பேர் பயந்து ஒதுங்குவார்கள். இப்போது எதற்கும் ஓர் ஆஸ்பத்திரித் தாதியின் பொறுமையோடு பதில் சொல்கிறாள். ஒஸ்வால்டுக்கு அந்தப் பொறுமைதான் பிடிபடவில்லை. கோபித்தவளைச் சமாதானம் செய்யலாம். பொறுமையாக இருப்பவளை என்ன செய்வது?

ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஒழுங்கையில் பாதி வீடுகள் மடு மாதா கோயிலுக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தன. அவரும் அங்கே போகிற வான் வண்டியில் இரண்டு இடம் சொல்லித்தான் வைத்திருந்தார். மெட்டில்டாதான் வேண்டாம் என்றாள். இத்தாலியில் இந்த நாளில் ஊரே கடையடைத்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கோ மலைக்கோ போய்விடுமாம். "சம்மர்ல இந்த ஒரு நாள் யாரும் வீட்டுக்குள்ள சாப்பிட மாட்டாங்க. நாமளும் எங்கயாச்சும் போவமே" என்றாள். "இங்க எங்க மெட்டில் சம்மர்? வருசம் பூரா சம்மர்தானே" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் வந்து இறங்கிய பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. வண்டியில் சொன்ன இடத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஒஸ்வால்ட் நாட்டாமி. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து வெங்காயத்தையும் பருப்பையும் சீனியையும் மூட்டை மூட்டையாக முதுகில் இறக்கிய உடம்பு. பிடரிக்குக் கீழே தோல் தடித்து, மாட்டுத் திமில்போல ஒரு மேடு. மெட்டில்டா மிலானுக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பதினாறு வருடம். இடையில் இரண்டே தரம் வந்தாள்: தன் தாயின் சாவுக்கும், மகள் ஷெரினின் கலியாணத்துக்கும். இரண்டிலும் வீடு நிறையச் சனம். புருசனும் பெண்சாதியும் தனியே உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்ததில்லை. அவள் அனுப்பிய காசில் வீட்டுக்கு மேல்மாடி வந்தது, தரைக்கு மாபிள் வந்தது. "இத்தாலிக்காரி புருசன் இன்னும் மூட்டை தூக்குறான் பாருங்கடா, யூரோவ எங்கடா பொதைக்கிறான்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் நக்கலடித்தார்கள். தூக்காமல் என்ன செய்வது? மாபிள் தரையில் தனியே குந்தி, விசிறி சுற்றுவதைப் பார்ப்பதா? மூட்டை முதுகில் ஏறினால் மனதில் வேறெதுவும் ஏறாது. அதை யாருக்கும் அவர் சொன்னதில்லை.

அவளுக்கும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனில் கேட்பாள், சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க, துணிக்கு என்ன செய்றீங்க என்று. "எனக்கு ஒரு கொறையும் இல்ல மெட்டில்" என்பார். உண்மையிலேயே சோறாக்கப் பழகினார், பருப்புக்குத் தாளிக்கப் பழகினார், சட்டைக்குப் பொத்தான் தைக்கவும் பழகினார். அவளுக்குத் தன்னால் ஒரு பாரம் குறைகிறது என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஈஸ்டருக்குப் பிறகு அவள் பார்த்துவந்த கிழவி செத்துப்போனாள். நொன்னா என்றுதான் மெட்டில்டா அவளைச் சொல்வாள். பாட்டி என்று அர்த்தமாம். ஜூலைக் கடைசியில் மெட்டில்டா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒன்றைத்தான் பிரித்தாள். மற்றது பூட்டியபடியே அலுமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது. திரும்பிப் போகிறாளா, இருந்துவிடப் போகிறாளா? அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது அந்தப் பெட்டிதான். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று பூசையில் முழங்காலில் நின்றபோதே முடிவு கட்டியிருந்தார். ஆனால் ஐம்பது கிலோவை ஒரே எத்தில் தோளுக்கு ஏற்றத் தெரிந்தவருக்கு, 'போகாதே' என்ற ஒரு சொல்லை நாக்குக்கு ஏற்ற வழி தெரியவில்லை.

காக்கைத்தீவுக் கடற்கரையில் காற்று மண்ணை வாரி அடித்தது. களனி ஆறு கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணில் அலை தேத்தண்ணி நிறத்தில் புரண்டது. சுவரோரம் வரிசையாகக் குடைகள். ஒவ்வொரு குடைக்குள்ளும் ஒரு சோடி. "பின்னேரம் வந்து ஏத்துறேன்" என்று சொல்லிவிட்டு நிலாம் திரைகளைப் படபடக்க விட்டுக்கொண்டு போனான். மெட்டில்டா ஒரு கொட்டாம்பா மரத்தடியைத் தெரிந்தெடுத்தாள். சிவப்புக் கட்டம் போட்ட துணியை விரித்து, நாலு மூலைக்கும் அவரைக் கல் தேடச் சொன்னாள். மரப்பலகை, கத்தி, மடித்த கடதாசித் துவாய்கள், திராட்சைக் குலை, கொட்டாஞ்சேனை பேக்கரியில் வாங்கிய ரோஸ் பாண். பிறகு பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இது பார்மிஜானோ. இது பெக்கொரினோ, செம்மறிப் பால்ல செய்றது. இது தலேஜ்ஜோ, இதுதான் அந்தத் தம்பிய ஓட வச்சது. இது கொர்கொன்சோலா."

பெயர்களைச் சொல்லும்போது அவள் குரலே வேறாக இருந்தது. சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக் கொடுப்பவள்போலச் சொன்னாள். ஒஸ்வால்ட் கடைசிச் சொந்தக்காரரைக் குனிந்து பார்த்தார். வெள்ளைக்குள் நீலமும் பச்சையுமாக நரம்பு ஓடியிருந்தது.

"இது பூஞ்சணம் புடிச்சிருச்சே."

"புடிக்கணும். அதுக்குத்தான் வெலையே."

அவர் விரலால் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டார். முதலில் உப்பு, பிறகு மிளகு கடித்ததுபோலச் சுள்ளென்று ஓர் உறைப்பு, கடைசியில் மூக்குக்குள் தெரிந்த ஒரு வாசம். எங்கேயோ பழகிய வாசம். கண்ணை மூடி யோசித்தார்.

"ஸ்டோருக்குள்ள மழத்தண்ணி பூந்தா, மறுநாள் சாக்கு நாறுமே. அது."

"நல்லால்லையா?"

"யார் சொன்னா? நல்லாருக்கு. அந்த வாசத்துலதானே என் ஆயுசு போச்சு. இவ்வளவு நாளும் சும்மா மோந்துட்டு இருந்திருக்கேன், திங்கலாம்னு தெரியாம."

மெட்டில்டா சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பழைய சிரிப்பு. அவருக்குத் தைரியம் வந்தது. பாணைப் பிய்த்துத் தலேஜ்ஜோவைப் பூசித் தின்றார். நாறியது மூக்குக்குத்தான், நாக்குக்கு அது வெண்ணெய். ஒரு காகம் இறங்கி வந்து துணியின் ஓரத்தில் நின்றது. சீஸ் வாய்க்கு ஒத்துவராவிட்டால் என்று வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த உறைப்பான கட்டச் சம்பல் போத்தலைக் காற்சட்டைப் பையில் தொட்டுப் பார்த்தார். தேவைப்படவில்லை. அடுத்ததாகப் பார்மிஜானோத் துண்டு ஒன்றைத் தோலோடு கடித்தார். பல் 'கடக்' என்றது. தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, தோலோட யாராச்சும் கடிப்பாங்களா? குடுங்க இங்க."

அவள் அதை வாங்கித் தோலைச் சீவினாள். பலகையில் வைத்துக் கத்தியின் நுனியை ஊன்றியபடியே பின்பக்கத்தை மட்டும் ஏற்றி இறக்கி, சீரகம்போலப் பொடியாக வெட்டினாள். பாணின் கருகிய ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெள்ளைச் சதையில் ஒரு திராட்சையைப் பிழிந்து நனைத்து, அதன்மேல் பொடியை வைத்து, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். மற்றக் கை கடதாசித் துவாயோடு நாடிக்குக் கீழே வந்து நின்றது.

ஒஸ்வால்ட் திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் அவர் வாய்க்கு நேரே வந்த கை பாதிரியாருடையது மட்டும்தான். நற்கருணையை அவர் இன்னும் நாவில்தான் வாங்குவார். குடைகளுக்குள்ளிருந்து யாரும் பார்க்கிறார்களா என்று கண்ணை ஓட்டினார். பிறகு வாயைத் திறந்தார்.

சின்ன உப்பும் சின்ன இனிப்பும். அவள் அடுத்ததைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொடுத்தாள். துவாயால் உதட்டோரத்தை ஒற்றினாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், மழைக் குளிரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல ஒரு சுகமும் இருந்தது. இவ்வளவு காலமும் இதை வேண்டாமென்று சொல்லிக்கொண்டு இருந்தோமா என்று நினைத்தார். இப்போது கேட்கலாம், இந்த ஒரு வாயை விழுங்கிவிட்டுக் கேட்கலாம் என்று நிமிர்ந்தபோதுதான் கவனித்தார்: அவள் கண் அவர் முகத்தில் இல்லை. தொண்டையில் இருந்தது. குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, இறங்கிய பிறகே அடுத்ததை நீட்டினாள்.

"மாஞ்ஜா... மாஞ்ஜா..." என்றாள் மெதுவாக.

"என்னா?"

"என்னா?" என்று அவளும் கேட்டாள். தான் வாய் திறந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

வாயிலிருந்த சீஸ் சட்டென்று ருசியற்றுப்போனது. அவள் அவரோடு இல்லை. ஏதோ ஓர் ஏரிக்கரையில், சக்கர நாற்காலி ஒன்றுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள்.

"நொன்னாவுக்கு இப்பிடித்தான் குடுப்பியா?"

கை அந்தரத்தில் நின்றது. அவள் அந்தத் துண்டைத் திரும்பப் பலகையில் வைத்தாள். "பொரைக்கேறிரும். வேகமாக் குடுக்க ஏலாது. மாஞ்ஜா, சாப்பிடுன்னு கெஞ்சிக் கெஞ்சித்தான்" என்றாள். "இந்த நாள்ல அவ வீட்டாளுங்க எல்லாரும் கூடி இருந்து சிரிச்சுத் திம்பாங்க. நானும் அவளும் ஒரு மரத்தடியில. அவளுக்குக் குடுத்துட்டு மிச்சத்த நான் திம்பேன். ஒரு வருசமாச்சும் நம்ம ஆளோட உக்காந்து திங்கணும்னு நெனப்பேன்."

"மெட்டில்" என்றார். "இனிப் போக வேணாம்."

சொல்லியாகிவிட்டது. காற்றில் துணியின் ஒரு மூலை கல்லை உதறிக்கொண்டு எழும்பியது. அவர் அதைக் காலால் மிதித்தார். அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தபோது காலின்கீழ் துணி துடித்துக்கொண்டே இருந்தது.

"வேற எடம் சொல்லியிருக்காங்க. ஒரு கெழவர். பக்கவாதம். செப்டம்பர்ல வரச் சொல்லிக் கேட்டாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "இங்க எனக்கு என்னா வேலை இருக்கு, சொல்லுங்க. ரத்மலானைக்குப் போனா ஷெரின் நல்ல கோப்பைய எறக்கித் தேத்தண்ணி தாறா. புள்ளயத் தூக்கப் போனா, 'நீங்க இருங்க அம்மா, களைச்சிருப்பீங்க'. உங்க சட்டையத் தொவைக்கலாம்னு பாத்தா, நான் எழும்ப முந்தி கொடியில காயுது. சோறும் நீங்களே. கறியும் நீங்களே, அதுவும் என்னைய விட நல்லா ஆக்குறீங்க." குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதே பொறுமை. "நொன்னா ராவெல்லாம் கூப்பிடுவா. மத்தில்தே, மத்தில்தே. சனியன் புடிச்ச கெழவின்னு ஏசிக்கிட்டே எழும்புவேன். இப்பவும் அந்த நேரத்துக்கு முழிப்பு வருது. காதக் குடுத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். யாரும் கூப்புடுறதில்ல."

அதே கட்டிலில், ஒரு கை எட்டும் தூரத்தில், ஒஸ்வால்டும் அந்த இரவுகளில் விழித்துத்தான் கிடந்தார். அவள் களைத்துத் தூங்குகிறாள், எழுப்பக்கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக் கிடந்தார்.

மெட்டில்டா பொட்டலங்களைச் சுற்றத் தொடங்கினாள். கொர்கொன்சோலாவைச் சுற்றினாள், தலேஜ்ஜோவைச் சுற்றினாள். கடதாசியின் ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தினாள். கத்தியைத் துவாயால் துடைத்தாள். காகம் ஒரு தத்துத் தத்திப் பலகைக்குக் கிட்ட வந்தது. இந்தக் கூடை மூடினால் எல்லாம் மூடிவிடும் என்று அவருக்குப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் தூக்கிப் பழகியவர் அவர். உதவிக்கு ஆள் கேட்பவனை மற்ற நாட்டாமிகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் சிரித்திருக்கிறார்.

"மெட்டில்."

"ம்."

"இந்தப் பக்கம் பல்லு ஒண்ணும் சரியில்ல." இடது தாடையைத் தொட்டுக் காட்டினார். "ரொம்ப நாளா. சாப்பிடவே ஏலாம இருக்கு. உனக்குச் சொல்லல."

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அதே பக்கத்தால்தான் மாட்டெலும்பைக் கடித்து உறிஞ்சினார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

அவள் அவர் தாடையைப் பார்த்தாள். பிறகு, தொண்டைக்கு இறங்காமல், கண்ணைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கூடைக்குள் போட்ட கத்தியை மறுபடியும் எடுத்தாள். மிச்சமிருந்த பார்மிஜானோத் துண்டைப் பலகையில் வைத்து, நுனியை ஊன்றி வெட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் சின்னதா" என்றார் ஒஸ்வால்ட்.

அவள் இன்னும் சின்னதாக வெட்டினாள். பொடி காற்றில் பறந்து மணலில் விழ, காகம் அதன் பின்னால் ஓடியது. சுவரோரக் குடை ஒன்று இவர்கள் பக்கம் கொஞ்சம் சரிந்து, உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குடைக்கு நேரே, பிடரியில் திமில் வைத்த அந்த மனிதர், பூசைக்கு முழங்காலில் நிற்பவர்போலக் கண்களை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பலகையில் கத்தி சிறிது நேரம் தட்டியது. பிறகு அதுவும் நின்றது. காற்று மட்டும் அடித்தது. அவர் வாயை மூடவில்லை.