பட்டன் மேல் நின்ற அம்பு

குறை இருந்தால் மட்டும் பேசுகிற ஆள் நான். டிசைன் நன்றாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வேலை பிரமாதம் என்று அர்த்தம், அது என் டீமுக்கும் தெரியும் என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். இதைப் பெரிய குணம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

டீம் என்றால் என்னையும் சேர்த்து நாலு பேர். நாலு ஊர், நாலு வீடு. எங்கள் கம்பெனிக்கு ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. காலையில் எல்லாரும் ஒரே டிசைன் ஃபைலைத் திறப்போம், அதுதான் ஆபீஸ். யார் வந்திருக்கிறார்கள், யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எல்லார் திரையிலும் தெரியும் அவரவர் மவுஸ் அம்பை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு அம்பின் வாலிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். நாங்கள் பட்டப்பெயர்களைப் போட்டுக்கொண்டோம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன் அவசரம். திரையில் வரும் வாசகங்களைச் சரிபார்க்கிறவர் வாத்தியார். ஒரு கமா விட்டுப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு மீட்டிங்குக்கு ஆறு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவள் அமைதி. என் அம்பில் அக்கா என்று இருக்கும்.

எங்களில் கெட்டிக்காரி அமைதிதான். இதையும் நான் அவளிடம் சொன்னதில்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவசரம் போன் செய்தான்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அமைதிக்கு வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

அவள் போனால் டீமுக்கு வலது கை போன மாதிரி. அது கிடக்கட்டும், எனக்கு அவளைப் பிடிக்கும், அவள் போகக்கூடாது. இன்றைக்காவது வாயைத் திறந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவது என்று ஃபைலைத் திறந்தேன்.

டாக்டரிடம் நேரம் பதிவு செய்கிற ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பதிவு செய்துவிட்டு வர மறந்தவர்களுக்குக் காட்டுகிற திரையை அமைதி முந்தின நாள்தான் முடித்திருந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் 'நீங்கள் வரத் தவறிவிட்டீர்கள்' என்று சிவப்பு எழுத்து முறைத்துக்கொண்டு நிற்கும். அவள் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, பச்சையில் ஒரே ஒரு பட்டன் வைத்து, 'வேறு நாள் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தாள். பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் அம்பைக் கொண்டுபோய் அந்தப் பட்டன் மேல் வைத்தேன். பக்கத்திலேயே பாராட்டி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

"அம்மாடி, கொஞ்சம் வர்றியா? ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சமையலறையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. என் மாமனார் ஒண்ணுமில்ல என்றால் நாம் ஓட வேண்டும்.

ஓடினேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த குழாய் கையோடு வந்துவிட்டிருந்தது. மாமா அதில் ஒரு துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். தண்ணீர் அவரைச் சட்டை செய்யவில்லை.

"லேசா திருகி டைட் பண்ணலாம்னு பாத்தேன்" என்றார்.

மெயின் வால்வு துருப்பிடித்து அசைய மறுத்தது. போன் என் அறையில் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அடுத்த தெருவிலிருக்கும் பிளம்பர் வீட்டுக்கே ஓடினேன். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை மாமா பிடிப்பதும் நான் வாளியில் அள்ளி ஊற்றுவதும், பிறகு நான் பிடிப்பதும் அவர் அள்ளுவதுமாகப் போனது.

பிளம்பர் தொட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து என்னென்னவோ செய்தார். "மேல குழாய்ல தண்ணி நல்லா வருதாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினேன்.

"ஏம்மா, நான் கீழ படுத்திருக்கேன். நீங்க தலையாட்டினா எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லுங்க."

மாமா சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

ஈரத் துணியோடு நான் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது மணி ஒன்று. சாட்டில் அறுபத்து நாலு மெசேஜ். ஃபைலில் அமைதியின் ஒரு திரை இருந்த இடத்தில் பதினோரு திரைகள். என் அம்பு மட்டும் காலையில் நிறுத்திய இடத்திலேயே அசையாமல் நின்றது. மெசேஜை முதலிலிருந்து படித்தேன்.

"அக்கா அம்பு பட்டன் மேல நிக்குது. அரை மணி ஆச்சு" என்று அவசரம் ஆரம்பித்திருந்தான்.

"வாசகத்தில் பிழை எதுவும் இல்லை. மூன்று முறை படித்துவிட்டேன்" என்று வாத்தியார்.

"அப்ப கலரா இருக்கும். நீலமாக்கிப் பாரு" என்று அவசரம்.

அமைதி பழைய திரையை ஓரமாக நகர்த்திவிட்டு, அதன் நகலை அதே இடத்தில் வைத்து நீலமாக்கியிருந்தாள்.

"நகரல. சிவப்பு?"

சிவப்பாக்கியிருந்தாள். பட்டனைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஓரங்களை வளைத்து, வளைத்ததை நிமிர்த்தி, கடைசியில் திரையின் மேல் பக்கத்துக்கே நகர்த்திப் பார்த்திருந்தாள்.

"இப்ப அம்பு வெறும் இடத்தைக் காட்டுது" என்று அவசரம்.

"ஆகவே இடைவெளியில்தான் கோளாறு" என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

பதினோராவது திரையில் பழைய சிவப்பு எழுத்து திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் வரத் தவறிவிட்டீர்கள். அதற்குக் கீழே அமைதியின் கடைசி மெசேஜ்: "அக்காவுக்கு என்ன வேணும்னு தெரியல. எனக்கு இந்த வேலையே தெரியல போல."

அவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"அமைதி, குழாய் உடைஞ்சிடுச்சு" என்றேன்.

"என்ன அக்கா?"

"எங்க வீட்டுக் குழாய். அம்பை அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன். இவ்வளவு நேரமா மாமாவும் நானும் தண்ணி அள்ளிட்டு இருந்தோம். சத்தியமா நான் எதையும் சுட்டிக் காட்டல."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"காலைல ஒன்பதரைக்கே அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டேன் அக்கா. அவசரம் உங்ககிட்ட உளறியிருப்பான். இந்தத் திரை நல்லா வந்திருக்குன்னு தோணிச்சு, ஆப்பை முடிச்சுப் பாக்கணும்னு ஆசை. மனசு மாறினா ரெண்டு மணிக்குள்ள கூப்பிடுங்கன்னாங்க. மாறாதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் உங்க அம்பு வந்து உக்காந்துச்சு."

அவள் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. நிறுத்தவும் இல்லை.

"மூணு வருஷமா உங்க அம்பைப் பாத்துப் பாத்துத்தான் நாங்க வேலை செய்றோம். நகர்ந்தா தப்பிச்சோம், நின்னா போச்சு. நல்லா இருந்தா நீங்க என்ன செய்வீங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று பேரைத் தொட்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, மேலே நின்று மூன்று வருடமாகத் தலையாட்டியிருக்கிறேன். மணி ஒன்று நாற்பது.

"போன வருஷம் எங்க மாமா பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டுப் போக மறந்துட்டார்" என்றேன். "நீங்கள் வரத் தவறிவிட்டீர்கள்னு மெசேஜ் வந்துச்சு. மனுஷனுக்குத் திட்டு வாங்கின மாதிரி ஆயிடுச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் போகவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஒரு பக்கமாத்தான் மெல்றார். உன் பட்டனைப் பாத்திருந்தா அன்னிக்கே போயிருப்பார். காலைல அதைப் பாத்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான். அதைச் சொல்லத்தான் அம்பைக் கொண்டுவந்து வச்சேன். நல்லா இருக்குடி. ரொம்ப நல்லா இருக்கு. வாயைத் திறந்து சொல்லாதது என் தப்பு. நீ போகக்கூடாது. போனா என்னால தாங்க முடியாது."

போனைக் காதில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமைதி என்று எழுதிய அம்பு எங்கிருந்தோ வந்தது. பதினோராவது திரை காணாமல் போனது. பிறகு பத்தாவது. ஒவ்வொன்றையும் நின்று பார்த்துவிட்டுத்தான் அழித்தாள். நீலம் போனது, சிவப்பு போனது. கடைசியில் மிஞ்சிய முதல் திரையைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்தாள், அதன் பச்சைப் பட்டன் சரியாக என் அம்புக்குக் கீழே. மணி இரண்டு ஐந்து.

"அக்கா."

"சொல்லும்மா."

"உங்க அம்பைக் கொஞ்சம் தள்ளுங்க. எழுத்தை மறைக்குது."