மவுத் ஆர்கன்காரர்

தேன்மொழி கணவனின் தாடையை வேட்டிக் கிழிசலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் ராசு வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

“அண்ணி, ஊருச் சுடுகாட்டுல வெக்க வேண்டாங்கறாங்க.”

அவள் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“ஆரு?”

“எல்லாருந்தானுங்க. நம்ம சாமிய விட்டவருக்கு நம்ம எடம் எதுக்குங்கறாங்க. கோயில் நோம்பிக்கு ஒரே ஒரு பாட்டு வாசிங்கன்னு கேட்டப்ப மாட்டேன்னுட்டாரில்ல, அத இன்னும் மறக்கல.”

“நீ என்ன சொன்ன தம்பி?”



அவள் கணவர் செல்லமுத்து பதினெட்டு வயதில், மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டை விட்டுச் சென்னைக்குப் போனவர். இருபத்தைந்து வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு மவுத் ஆர்கன் வாசித்தார். கூப்பிட்ட ஸ்டுடியோவுக்குப் போவார், நீட்டிய தாளைப் பார்த்து வாசிப்பார், துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புவார். எந்தக் கேசட்டு அட்டையிலும் அவர் பேர் வந்ததில்லை. தேன்மொழி மலையில் மரவள்ளியையும் மிளகையும் பார்த்துக்கொண்டாள். பிள்ளை இல்லை. பொங்கலுக்கும் நோம்பிக்கும் வருவார். நாமக்கல் பஸ்ஸில் பாட்டு ஓடும்போது சட்டென்று அவள் முழங்கையைத் தொட்டு, “இது நானு” என்பார். அவள் கவனிப்பதற்குள் பாடகர் குரல் வந்துவிடும்.

ஒருநாள் ஒரு கிறிஸ்தவப் பாட்டுக்கு வாசிக்கப் போனார். அதுவும் ஒரு வேலைதான். வாசித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் வரை ஸ்டுடியோ மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

“அத வாசிச்சது நானில்ல தேனு” என்றார் போனில்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

அதன்பிறகு அவர் சினிமாப் பக்கம் போகவில்லை. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து அடிவாரத்துச் சபையில் போய் வாசிப்பார். அவளை மாறச் சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவை, “சும்மா வந்து கேட்டுட்டு வந்துரு” என்றார். “காட்டுல வேல கெடக்குது” என்றாள். மறுபடி அவர் கேட்கவில்லை. போன வருடம் நுரையீரல் கெட்டு ஊத முடியாமல் போனது. அப்புறம் தினமும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மவுத் ஆர்கனாகத் துடைப்பார், மூடி வைப்பார்.

“நம்ம மொளகுக் காட்டுலயே வெச்சிரலாம்” என்றாள் தேன்மொழி. “அவரு கையால நட்ட மரமெல்லாம் அங்கதான் நிக்குது. அதுக்கு ஆரையும் கேக்க வேண்டியதில்ல.”

ராசு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான்.

மதியம் பஸ்ஸில் பாஸ்டரும் சபைக்காரர்கள் ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. யமுனா என்ற பெண் நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானுங்க தேனக்கா? உங்களப் பத்தி அண்ணன் சொல்லீட்டே இருப்பாருங்க.”

“என்ன சொல்வாரு?”

“நான் தப்பா வாசிச்சா சபையில நீங்க யாரும் கண்டுபுடிக்க மாட்டீங்க, எங்கூட்டுல தேனு ஒடனே கண்டுபுடிச்சிருவாம்பாருங்க.”

தேன்மொழி கையை விடுவித்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் குழி தயாராக இருந்தது. ஊர்க்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். பாஸ்டர் ஜெபம் சொன்னார். சவப்பெட்டியை இறக்கினார்கள். சபைக்காரர்கள் மேளமில்லாமல், மெதுவாகப் பாடினார்கள். முதல் சரணம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றுபோல நிறுத்தினார்கள்.

பாட்டு முடிந்ததென்று ராசு குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். வேலியோரத்தில் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள்.

“முடிஞ்சுதா?” என்று தேன்மொழி யமுனாவிடம் கேட்டாள்.

“இல்லீங்கக்கா” என்றாள் அவள் கண்ணைத் திறக்காமலே. “அடுத்த சரணத்துக்கு முன்னால அண்ணன் வாசிப்பாருங்க.”

தேன்மொழி ராசுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “இரு தம்பி.”

ஒருவரும் அசையவில்லை. மிளகுக் கொடிகளுக்குள் காற்று புகுந்து வெளியே வந்தது. யமுனாவின் கால் பெருவிரல் மட்டும் ஈரமண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தேன்மொழி அதையே பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள்.