ஸ்டியரிங் இழுக்குது

ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் காடி வாங்கினாலும் முதலில் காளிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். காடி என்றால் அங்கே கார். விற்கிறவன் என்ன சொன்னான், இண்டர்நெட்டில் என்ன போட்டிருக்கிறான் என்பதெல்லாம் அப்புறம். காளிமுத்து ஏறி உட்கார்ந்து, மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு ஒரு தடவை இறங்கி ஏறி, "எடுக்கலாம்லா" என்றால் எடுப்பார்கள். "வேணாம்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. இருபத்தாறு வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். இப்போது ஆறு வருஷமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன். இத்தனை வருஷத்தில் அந்த மலைப்பாதையில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஊரும் அதையே சொன்னது. வினை அங்கேதான் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் தேடி வந்தவள் குமுதா. தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை. அவள் புருஷன் மகேன் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து, பெண்டாட்டி பிள்ளையை ஒரு ராத்திரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். அவனுடைய பழைய காடி செத்தும் சாகாமலும் கிடந்தது. அதை ஹைவேயில் இறக்காதே என்று போன மாசம்தான் காளிமுத்து அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, புதுக் காடியக் கொண்டாந்து நிறுத்திட்டான், விக்கற அந்த ஈப்போ பையன். எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. நீங்க ஓட்டிப் பாத்து சரின்னா நாளைக்கே புக் பண்ணிடுவோம். அவரு ரோட்டுல இருக்கற அந்த ஏழு மணி நேரமும் எனக்கு சோறு எறங்க மாட்டேங்குதுண்ணே."

"நா இன்னிக்கி வரலம்மா, வேற யாரையாவது கூட்டிட்டுப் போ" என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காளிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சொல்லியிருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தீபாவளியிலிருந்தே அவருக்குக் கண் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்தால் சொக்கும். கோயிலில் பூசை நடக்கும்போது சொக்கும், சாப்பிடும்போது சொக்கும். ராத்திரி விடும் குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். விடிந்தால் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். கிளினிக் டாக்டர், தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனை செய், அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அவர் மனைவி வேலம்மா கண்ணில் படாமல் அலமாரித் துணிக்கு அடியில் செருகி வைத்தார் மனுஷர். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு திருப்பிக்கொண்டே இருப்பவனுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று தனக்குத் தானே நியாயம் பேசினார்.

வந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், அணைக்கட்டு ஏரியை ஒட்டிய நேர்ரோட்டில். வேன் நிறையப் பிள்ளைகள். இடது டயர் புல்லில் ஏறிக் குலுங்கியபோதுதான் கண்ணைத் திறந்தார். இன்னும் நாலு முழம் போயிருந்தால் தண்ணீர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் ஆறரைக்கு வேனை எடுத்தார். விட்டால் ஐம்பத்தெட்டு வயசில் வேறு எந்த வேலைக்குப் போவது? அதைவிட, காளிமுத்துவுக்கு ஓட்ட முடியவில்லையாம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் நாலு பேர் பேசுவார்களே, அதை எந்தக் காதால் கேட்பது?

காடி கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. ஜப்பான்காரன் செய்த சின்ன செடான், சாம்பல் நிறம். விற்கிற பையன் பெயர் தர்மா. இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறைய அங்கிள்.

காளிமுத்து முதலில் கதவைத் திறந்து மூடினார். தகரச் சத்தம் இல்லை, கனமாக ஒரு சத்தம். டேஷ்போர்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஸ்டியரிங்கில் தோல் உறை, கைத்தையல் மாதிரி ஒழுங்கான தையல். சீட்டு இடுப்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. இந்த விலைக்கு இவ்வளவு சொகுசா என்று மனசுக்குள் ஆச்சரியப்பட்டாலும் முகத்தில் காட்டவில்லை. விற்கிறவன் எதிரில் சிரித்தால் தொழிலுக்கு அழகில்லை.

"பின்சீட்டுல கால் நீட்ட எடமில்லயேப்பா. மூணு பேரு உக்காந்தா மூணாவது ஆளு பாவம்லா."

"அங்கிள், ஹைவேக்கு எடுக்கறவங்க முன்சீட்டத்தான் பாப்பாங்க. ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

ஓட்டினார். மலையிறக்கத்தில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் தாப்பா போய்ச் சேரும்வரை வாந்திக்குப் பிளாஸ்டிக் பை கேட்கக்கூடாது. கேட்காவிட்டால் காடிக்குக் கீழ்ப்பாகம், ஸ்பிரிங்கும் சக்கரமும், நல்ல பாகம். குமுதா சிம்பாங், அதாவது ரோடு பிரிகிற முனை, தாண்டினாலே குமட்டுகிறது என்று வாயைப் பொத்துகிறவள். அன்றைக்கு அவள் பாட்டுக்கு ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவில் காடி சாயவில்லை. இறக்கத்தில் கியர் தானாகப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை அழுத்தினால் சொன்ன இடத்தில் நின்றது. காளிமுத்துவுக்குப் பழைய குஷி வந்துவிட்டது. ஒரு மணி நேரமும் கண் ஒரு தடவைகூடச் சொக்கவில்லை. பார்த்தாயா, எனக்கு ஒன்றுமில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டார்.

தாப்பா டோலைத் தாண்டி ஹைவேயில் ஏறினார்கள். தெற்கே போய், சுங்கை என்கிற ஊரில் திரும்பி வருவதாக ஏற்பாடு. நூற்றுப் பத்தில் போனபோதும் உள்ளே காற்றுச் சத்தம் இல்லை. லோரியிலும் வேனிலும் இருபது முப்பது வருஷமாகக் கடகடப்புக்கு நடுவே இருந்தவருக்கு அந்த அமைதி புதுசு. "இப்ப பட்டன அழுத்திட்டு காலை எடுத்துடுங்க அங்கிள், அதுவே ஓடும்" என்றான் தர்மா. அதுவே ஓடியது. ரோடு நேராகக் கிடந்தது, இரண்டு பக்கமும் செம்பனை. செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. தர்மா போனைப் பார்க்கக் குனிந்தான்.

அடுத்து அவருக்குத் தெரிந்தது கீ கீ என்ற சத்தமும், கைக்குள் ஸ்டியரிங் நடுங்குவதும், தர்மாவின் கை குறுக்கே வந்து அதைப் பிடித்துத் திருப்புவதும்தான். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லோரியின் பின்பக்கம் ஜன்னலை உரசாத குறையாகக் கடந்து போனது. பின்னால் குமுதா "ஐயோ முருகா!" என்று அலறினாள்.

"அங்கிள்!"

காளிமுத்துவின் வாய் அவருக்கு முன்னால் முந்திக்கொண்டது. "ஸ்டியரிங் இழுக்குது. பாத்தியா? இடது பக்கமா இழுக்குது!"

அடப்பாவி மனுஷா! தூங்கிவிட்டேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

சுங்கைக்கு முன்னால் இருந்த ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். குமுதா முகம் கழுவப் போனாள். தர்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அங்கிள், கண்ண மூடிட்டீங்க. நிமிந்தப்ப நா பாத்தேன். அக்காகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா காடிமேல பழி போடாதீங்கலா. கோட்ட தாண்டுனதும் கத்தி, அந்தக் காடிதான் இன்னிக்கி நம்ம மூணு பேரையும் எழுப்பி விட்டுச்சு."

"ஒனக்கு என்னா வயசு? எனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறியா?" என்று பாய்ந்தார் காளிமுத்து. குற்றம் செய்தவனுக்குக் கோபம் வந்தால் சத்தம் கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது தர்மா ஓட்டினான். ஹைவேயில் கையை ஒரு நொடி தூக்கிக் காட்டினான். காடி கோடு போட்டாற்போல் நேராகப் போனது. "எங்கக்கா இழுக்குது?" என்று கேட்டான். குமுதா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அண்ணன் இழுக்குதுன்னு சொன்னா இழுக்கும் தம்பி. அவருக்குத் தெரியாததா?" என்றாள். காளிமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நம்பாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் மகேன் போனில் வந்தான். குமுதா ஸ்பீக்கரில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணே, நல்லவேள காப்பாத்துனீங்க. அவன் காச வாங்கிட்டு ஓடியிருப்பான். பரவால்லண்ணே, வெள்ளிக்கிழம பழைய காடியிலயே வந்துடறேன். நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க, மெதுவா ஓரமா வரேன்லா."

"பஸ்ஸுல வாயேன்" என்றார் காளிமுத்து.

"டிக்கெட் முடிஞ்சிருச்சுண்ணே. பாத்துக்கலாம்."

அவன் போனை வைத்துவிட்டான். குமுதா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், கடைக்குப் போனவர்கள் எல்லாரும், கெட்ட காடியை ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்தீர்களாமே என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாராட்டும் செருப்படி மாதிரி விழுந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கு மூடுபனி இன்னும் கலையவில்லை. வேனில் பதினோரு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கடைசியாகக் குமுதா தன் மகளைக் கூட்டிவந்தாள். இரண்டாம் வகுப்பு, பெயர் யுவனேஸ்வரி. அம்மாவைப் போலவே வாந்திக்காரி என்பதால் அவளுக்கு எப்போதும் காளிமுத்துவுக்குப் பக்கத்து முன்சீட்டு. குமுதா அவளைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலத்தைக் காளிமுத்துவிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்கண்ணே. நேத்து உங்கள ரொம்ப அலக்கழிச்சிட்டேன்."

காளிமுத்து பொட்டலத்தை வாங்கினார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்தார், கை அதை எடுக்க மறுத்தது. பக்கத்தில் யுவனேஸ்வரி வாய்ப்பாடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் இஞ்சினை அணைத்தார்.

"குமுதா, அந்தக் காடியில ஒண்ணுமில்ல."

"எந்தக் காடிண்ணே?"

"நேத்து ஓட்டுனது. நல்ல காடி. மகேன எடுக்கச் சொல்லு, பழசுல வர வேணாம்னு சொல்லு. ஸ்டியரிங் இழுக்கல. நா தூங்கிட்டேன்."

குமுதா சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

"தூங்கிட்டீங்களா? நா பின்னாடி உக்காந்திருக்கறப்பவா?"

"ஆமாம்மா. பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒடம்பு சரியில்ல. தீபாவளியிலேர்ந்தே இப்படித்தான் கண்ணு சொக்குது. டாக்டரு ஓட்டக்கூடாதுன்னாரு, நாந்தான் மறச்சிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"வேன்லயுமா?"

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வந்திருக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். நேற்றைக்கும் நம்பினவள்தானே? அதை நினைத்தபோது அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"ஒரு வாட்டி" என்றார். "ஏரிக்கர ரோட்டுல."

"இவ இருந்தாளா?"

"இருந்தா."

குமுதா கத்துவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவளோ மகளுக்கு மேலே குனிந்து பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். பட்டனை அழுத்தினாள். இரண்டு தடவை நழுவியது. காளிமுத்து உதவிக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் அதைத் தட்டிவிட்டாள். மூன்றாவது தடவை கழன்றது. பிள்ளையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், எட்டு வயசுப் பிள்ளையை.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள் பின்னால் பார்த்து. பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கின.

காளிமுத்துவும் இறங்கி வந்து அவள் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"தீபாவளியிலேர்ந்து தெனமும் காலையில நாந்தானேண்ணே இவளுக்கு பெல்ட்டு மாட்டி விட்டேன்."