தண்ணீர் ஊசி

அம்சவள்ளி குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றபோது நான் காலைக் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். ஐப்பசி மழை நான்கு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாகூர் ஏரி நிரம்பி வழிந்து, கரும்புக்கொல்லையும் கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. தெருக் குழாயில் வருவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான், அதைத்தான் ஊரே குடித்தது. பேதி வரும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். யார் காதில் விழுந்தது? அம்சவள்ளிக்குப் பின்னால் அவள் அம்மா பவுனம்மாள், கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"ராவுலேர்ந்து ஒம்போது தரம் போயிட்டா நர்ஸம்மா. வாந்தி வேற. இன்னான்னு பாரு."

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் தம்ளரைக் கண்டதும் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தது. குடிக்கிற குழந்தை பிழைத்துக்கொள்ளும். காப்பிக்குக் கொதித்த தண்ணீரை ஆற்றி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். நாலு கரண்டி உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. எனக்கு மனசு லேசானது. பவுனம்மாள் என் கையைப் பார்க்கவில்லை. அலமாரிமேல் இருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பழைய கண்ணாடி சிரிஞ்சு அதற்குள் இருப்பது ஊருக்கே தெரியும்.

"ஊசி எப்பம்மா போடுவ?"

அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது ஐம்பத்தொன்பதில். வில்லியனூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண், இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. காலரா ஊசிப் பெட்டியோடு நான் தெருவில் நுழைந்தால் சனங்கள் கரும்புக்குள் ஓடி ஒளிவார்கள். நாய் ஏவிவிட்டவர்களும் உண்டு. அப்போது இந்தப் பவுனம்மாள் பிள்ளை பெற்ற உடம்போடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவளுக்கு ஒரு சத்து ஊசி போட்டேன், சிவப்பு மருந்து. மூன்றாம் நாள் நடவுக்குப் போனாள். சோறும் ஓய்வும் கிடைத்ததால் எழுந்தாளோ என்னவோ, ஊசியால் எழுந்தாள் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அதன்பிறகு என் பையில் எப்போதும் சிவப்பு மருந்து இருக்கும். அம்மை குத்த வேண்டுமா, கர்ப்பிணியை மாதாமாதம் ஹெல்த் சென்டருக்கு வரவைக்க வேண்டுமா, முதலில் யாராவது ஒரு கிழவிக்குச் சிவப்பு ஊசி. மருந்து தீர்ந்துபோனால் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர். "மாத்திரை கால் வைத்தியம், ஊசி முக்கா வைத்தியம்" என்று நானே ஒரு பழமொழி கட்டிவிட்டேன். அது என்னைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. மணப்பட்டுக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் அதை எனக்கே ஒருமுறை சொல்லிக் காட்டினார். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் இந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் உயிரோடு நடமாடுகின்றன என்று கர்வமாகத்தான் இருந்தேன்.

ரிட்டயர் ஆனபோது பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். தம்பி வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப் போடவும், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கவும் கிளம்பிவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன் டவுனில் பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். தொண்டு செய்கிறவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு மகனாகிற வயசு டாக்டர் ஒருவர் பேசினார். தேவையில்லாத ஊசி பாவம் என்றார். பிறகு முன்வரிசையில் இருந்த எங்களைக் காட்டி, "இந்த ஜனங்களுக்கு ஊசிப் பைத்தியம் புடிக்க வச்சதே பழைய நர்ஸம்மாங்கதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது முகம் எரிந்தது. அன்று மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனி ஒரு பொய் ஊசியும் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

"இதுக்கு ஊசி வேணாம் பவுனு. ஒடம்புல இருக்கிற தண்ணி போயிருக்கு. இந்தத் தண்ணியக் குடுத்துக்கினே இருந்தா சாயங்காலம் எழுந்து ஒக்காருவா."

"உப்புத் தண்ணி குடுக்க நர்ஸம்மா எதுக்கு? அத நான் வூட்லயே குடுக்க மாட்டனா?"

"குடேன். அதத்தான் சொல்றேன்."

"நீதானம்மா சொன்ன, ஊசிதான் முக்கா வைத்தியம்னு. எனக்குப் போட்ட. இவளுக்குப் போட்ட. எங்க மாட்டுக்காரனுக்குக்கூடப் போட்ட. எம்பேத்திக்கு மட்டும் இன்னா?"

"அதெல்லாம் வெறும் தண்ணிடி!" என்று கத்திவிட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். பவுனம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. தட்டிக்கழிக்க நான் எடுத்துவிட்ட கதை என்றே நினைத்தாள்.

"மருந்து தீந்துபோச்சுன்னா சொல்லிட்டுப் போயேன். அதுக்கு ஏம்மா இப்பிடிப் பேசற?" என்றவள் மகளிடம் திரும்பினாள். "தூக்குடி. பச்சையப்பன்கிட்ட போலாம்."

பச்சையப்பன் சென்டரில் எனக்கு சிரிஞ்சு வேகவைத்துக் கொடுத்தவன். பார்த்துப் பார்த்தே ஊசி போடப் பழகி, இப்போது மெயின் ரோட்டில் பெஞ்சு போட்டு டாக்டராகிவிட்டான். அம்சவள்ளி தயங்கினாள். அவளைப் பூமியில் வாங்கிய கை என்னுடையது. ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் உட்கார்ந்திருப்பாள். நான் கெஞ்சவில்லை. எனக்குக் கோபம். தம்ளரில் மீதி இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி அவள் கையில் திணித்தேன், அவ்வளவுதான்.

பச்சையப்பன் இரண்டு ஊசி போட்டான். பேதி நிற்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினான். ஊசி போட்டவன் சொன்னதை வேதவாக்காகக் கேட்டார்கள். குழந்தை தாகத்தில் தாயின் ஈர முந்தானையைச் சப்பியதாம். விளக்கு வைக்கும் முன்னே அடங்கிவிட்டது.

நான் போனபோது என் பாட்டில் அவர்கள் வீட்டு மாடத்தில் கொடுத்தபடியே இருந்தது. அம்சவள்ளி என்னைப் பார்க்கவே இல்லை. பவுனம்மாள் மட்டும் நிமிர்ந்தாள்.

"ஒரு ஊசி... ஒரே ஒரு ஊசி நீ போட்டிருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும்மா."

பச்சையப்பனைப் பிடித்து ஏசுவேன் என்று சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவள் சொன்னது நிஜம். அரை சி.சி. தண்ணீரைக் குத்திவிட்டு, "மணிக்கு ஒருதரம் இதக் குடு" என்று சொல்லியிருந்தால், ஊசி போட்டவள் பேச்சென்று ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் புகட்டியிருப்பார்கள். ஆயிரம் பொய் ஊசி போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. உத்தமி ஆகலாம் என்று நினைத்த அன்று ஒரு பிள்ளை போனது. அந்த டாக்டருக்கு இதை யார் போய்ச் சொல்வது?

பதினைந்து நாள் கழித்துக் கீழத்தெரு ஜெயா தன் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதே பேதி, அதே கண். அவள் வாய் திறப்பதற்கு முன்பே நான் அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினேன். சத்தியத்தை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மாதா படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். சிரிஞ்சு கொதித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரைக் கால் சி.சி. உறிஞ்சிக் குத்தினேன். பையன் வீல் என்று கத்தினான். ஜெயாவின் முகம் அப்படியே தெளிந்தது.

"ஊசி வேலை செய்யணும்னா இந்தத் தண்ணி உள்ள போய்க்கினே இருக்கணும். ராவெல்லாம். புரிஞ்சுதா?"

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பையன் குடிக்க ஆரம்பித்தான். அழுகை நின்ற பிறகுதான் தெருக் குழாயில் குடம் நிறைந்து வழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற குழாய். பவுனம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். ஜெயாவின் மடியில் குடித்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தாள். மறுபடி ஊசியைப் பார்த்தாள். குடம் வழிந்து அவள் பாதத்தை நனைத்துத் தெருவில் ஓடியது. குழாயை மூட அவள் குனியவே இல்லை.